கடைசி ஆளின் மூச்சு

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், காலை ஞாயிறு உருக்கிய செம்பை ஊற்றியதுபோல் நீர்ப்பரப்பெங்கும் ஒளி பரப்ப, ஏறுநீர் கரையோரச் சேற்றை மெல்ல மெல்ல விழுங்கிப் பொங்கி வர, இழைத்த மரத்தின் மணமும் படகுக்குப் பூசக் காய்ச்சிய கீலின் புகையும் கமழும் படகுப் பட்டறையொன்று அந்நீரின் விளிம்பிலே வாய் திறந்து நின்றது. அதன்முன், அடிப்பலகை பிளந்த பெரும்படகு ஒன்று, நோயுற்ற யானை துறையிற் கிடப்பதுபோற் சாய்ந்து கிடந்தது. நீர் தணியுமுன் அதனை உருளைகளின்மேல் இழுத்துக் கரையேற்றியாக வேண்டும். தணிந்துவிட்டாலோ, மறுநாள்வரை காத்திருப்பதும் அன்றைய கூலியை இழப்பதுமன்றி இழுவையாட்களுக்கு வேறு வழியில்லை.

அத்தனை பேரையும் ஒருசேர இழுக்கச் செய்வது ஒரு பெண்ணின் குரல். அவளினும் மூத்த ஆடவரும் அவளை அக்கா என்றே அழைத்தனர். குரல் கொடுப்போர் முன்னே நின்று கையசைப்பது பிற பட்டறைகளின் வழக்கம். அவளோ கயிற்றின் கடைசியிலே, அனைவரினும் தளர்ந்த ஆளுக்கு அருகே, தானும் கயிறு பிடித்து நிற்பாள். அவர் மூச்சு உள்ளே போய் நிறைந்ததைக் காதாற் கேட்ட பிறகே அவள் குரல் எழும். அதனால் இழுவை மெதுவாக நடக்கும். ஆயினும் ஒருவர் இழுக்க ஒருவர் இடறும் நிலை ஒருநாளும் நேர்ந்ததில்லை. அவ்வாண்டு அவ்வாறு தளர்ந்திருந்தவர், எல்லாரும் சித்தப்பா என்றழைத்த ஒருவர். அதே பட்டறையின் உருளைதான் சென்ற மழைக்காலத்தில் அவர் பாதத்தை நசுக்கியிருந்தது.

பட்டறையின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருந்த உரிமையாளரின் மருமகனுக்கு அந்த மெதுநடை பொறுக்கவில்லை. கயிற்றின் முன்னே பலகைமேடை ஒன்று எழுப்பி, அவளை அழைத்து, நொண்டியைக் கயிற்றிலிருந்து நீக்கிவிட்டு, மேடையேறி விரைந்து குரல் கொடுக்க வேண்டும், இல்லையேல் குரல் கொடுக்கும் பொறுப்பை விட்டுவிட வேண்டும் என்றான். வெயிலுக்குக் குடையும் தருவதாகப் பெருமனத்தோடு கூறினான்.

“குடையைப் பிடிச்சுக்கிட்டு கயிற்றை எப்படிங்க பிடிக்கிறது?” என்றாள் அவள்.

ஆட்கள் சிரித்தனர், ஆனால் அச்சிரிப்பு, நீர் நிறைந்து நின்றதைக் கண்டதும் அடங்கிப்போயிற்று. இனி இறங்குமுகந்தான். கயிற்றின் தலைப்பில் நின்றவன், அவ்வணியிலேயே வலியவன், அவளுடன் பிறந்த தம்பி. அவன்தான் முதலில் திரும்பினான்.

“ஒருத்தருக்காக எல்லார் வயித்திலயும் அடிக்கிறியேக்கா. என் பிள்ளைங்க சித்தப்பாவோட காலையா சாப்பிடும்?”

மருமகனின் மிரட்டலுக்கு அசையாதிருந்த அவள் நெஞ்சு அச்சொல்லுக்குக் குலுங்கியது. தம்பி சாய்ந்தால் அணி முழுவதும் சாயும் என்பதை அவள் அறிவாள். அவன் வீட்டு அடுப்பின் நிலையும் அவள் அறியாததன்று. தான் கொண்டது அறமோ வெறும் பிடிவாதமோ என்ற ஐயம், காலுக்கடியிற் கரையும் மணல்போல் அவளை ஒருகணம் தள்ளாடச் செய்தது. அதற்குள் சித்தப்பா கயிற்றை நழுவவிட்டு, “நான் போயிடறேன்மா. உங்களுக்குள்ள எதுக்குச் சண்டை?” என்றார்.

“கயிற்றைப் பிடிங்க சித்தப்பா. போறதுக்கு உங்களை யாரும் கேக்கல,” என்று வெடுக்கென உரைத்துவிட்டு, அவள் தம்பியை நோக்கினாள்.

“இவரை அனுப்பிட்டா கடைசி ஆளே இல்லாம போயிடுமா? கயிறுன்னு இருந்தா கடைசின்னு ஒருத்தர் இருக்கத்தான் செய்வார். நாளைக்கு அது யாரு? ஆளைக் காட்டு. நானே அனுப்பி வைக்கிறேன்.”

தம்பி தனக்குப் பின்னிருந்த வரிசையை ஒருமுறை பார்த்தான். இருமலை அடக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தான். நரைத்த தலையைத் துணியால் மறைத்திருந்தவரைப் பார்த்தான். பிறகு, சில நாட்களாக வலித்துவந்த, எவரிடமும் சொல்லாதிருந்த தன் தோளைத் தானே தடவிக்கொண்டான்.

அவ்வேளை மருமகன் மேடையேறி, தானே குரல் கொடுத்தான். முழங்கும் குரல்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கயிறு அசையவில்லை. மீண்டும் கூவினான். தம்பி தன் இடத்தை விட்டு, வரிசை நெடுக நடந்து, சித்தப்பாவுக்கும் பின்னே போய்க் கயிற்றைப் பற்றிக்கொண்டான்.

“இப்ப கடைசி ஆள் நான்தான். என்னை அனுப்புங்க,” என்றான்.

இருமியவன் அவனுக்குப் பின்னே போனான். நரைத்தவர் அவனுக்கும் பின்னே. ஒவ்வொருவராய்க் கயிற்றின் கடைக்கோடியிலே நெருக்கியடித்து நிற்க, தலைப்பு வெறுந்தரையிற் கிடந்தது. முன்னே யார் நிற்பது என்று மருமகன் இரைந்தான். “முன்னாலதான் நீங்க இருக்கீங்களே,” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் பணிவோடு விடை பகர்ந்தது.

நீர் இறங்கியது. படகு சேற்றிலே அழுந்தியது. கூலி போயிற்று, அன்று எத்தனை வீடுகளில் அரைவயிற்றோடு படுப்பார்கள் என்பதை எண்ணி, அவள் கண்கள் நிறைந்தன. ஆயினும் மேடையை நோக்கிய முகத்தை அவள் தாழ்த்தவில்லை.

“நாளைக்கும் தண்ணி ஏறுங்க. நாங்களும் இதே ஆளோட வருவோம். வேணும்னா கூப்பிடுங்க.”

அறிவுசால் படிப்பாளரே, உரக்கக் கூவுவோரையும் உயரத்தில் நிற்போரையும் தலைவரென்று போற்றிப் போற்றி நம் செவிகள் மரத்துவிட்டன. மேடை எழுப்பத் தச்சர் போதும், எழுப்பிக்கொள்ளட்டும். தன்னோடு வரும் நலிந்தவரின் மூச்சைக் கேளாதவன் எத்துணை உயரத்தில் ஏறி நின்றாலும், அவன் சொல்லுக்கு ஒரு கயிறும் அசையாத நாள் வந்தே தீரும், வரட்டும்.