பின் சீட்டுக்குக் கீழே

காரின் முன்னால் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியை உரசப் போன மேகலா, கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பேரிகையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் காட்டாமல் அவள் வண்டியில் ஏற மாட்டாள்.

"ஏங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"என் யூனிபார்ம்தான். தெனம் இதே பாட்டா?" என்றான் சிவராஜ்.

"யூனிபார்ம் மாடியில காயுதுங்க."

சிவராஜ் ஓசூரில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் பதினோரு வருடமாக வேலை செய்கிறான். இன்னமும் கான்ட்ராக்ட்தான். பெயிண்டில் கலக்கும் தின்னரின் பெட்ரோல் போன்ற வாடை அவனோடு வீட்டுக்கு வந்து, அவனோடு சாப்பிட்டு, அவனோடு தூங்கும். அதனால் ஒரு மாதமாகக் காருக்குள் நாற்றம் வந்தபோதெல்லாம் பழி யூனிபார்மின் தலையில் விழுந்தது. மேகலா அதை இரண்டு தடவை ஊறப்போட்டு, கை சிவக்கத் துவைத்தாள். நாலு வயது மகள் நிர்மலா காரில் ஏறினாலே வாந்தி எடுத்தாள். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று இவர்களே முடிவு கட்டி, முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். வேறு வீடாக இருந்தால் முதல் நாளே யாராவது குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்திருப்பார்கள்.

சிவராஜ் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. தீபாவளிக்குப் பிறகு அவனுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. குழம்பு அடிப்பிடித்தாலும் தெரியாது, மேகலா தலையில் மல்லிகை வைத்தாலும் தெரியாது. வருகிற செவ்வாய்க்கிழமை கம்பெனியில் மெடிக்கல் செக்கப். மூக்கு போனவனைப் பெயிண்ட் லைனில் வைத்திருக்க மாட்டார்கள். கூட வேலை செய்த பெருமாளை அப்படித்தான் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை வருடமாக அவன் ரெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மேகலா வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. குழந்தையை உள்ளே உட்காரவிடாமல் நடக்க வைத்து, இருவருமாகத் தெருமுனைப் பட்டறை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் ஹரீஷ்குமார் போனில் யாரையோ கன்னடத்தில் திட்டி முடித்துவிட்டு, அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான்.

"கீழ ஈரமே இல்லீங்கண்ணா. சொட்டு விழறதுக்குள்ள காஞ்சுடுது. மோந்துதான் புடிக்கணும், எனக்கு நேத்துலருந்து சளி. நீங்க பாத்து சொல்லுங்க, முன்னாடியா பின்னாடியா?"

சிவராஜ் பானெட்டைத் திறந்து குனிந்தான். கண்ணை மூடி மூச்சை நீளமாக இழுத்தான். காற்று வந்தது, போனது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"இங்கதான். இன்ஜின் பக்கம்," என்றான், பதினோரு வருட அனுபவத்தின் குரலில்.

ஹரீஷ் அதை நம்பி ஒவ்வொரு குழாயாகக் கழற்றித் துடைத்துப் பார்த்தான். அரை மணி நேரம் போனது. எல்லாம் சுக்காகக் காய்ந்து கிடந்தன. மேகலா பின்கதவைத் திறந்து தலையை உள்ளே நுழைத்தாள், உடனே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, இங்க வாப்பா. பாப்பா ஒக்கார்ற எடம்."

பின் சீட்டைத் தூக்கி, கீழே இருந்த தகட்டைக் கழற்றியதும் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் தெரிந்தது. அங்கே கிளாம்ப் இறுக்கிய இடத்தில் ரப்பர் குழாய் பித்தவெடிப்புக் குதிகால் போல வெடித்திருந்தது. ஹரீஷ் விரலால் அழுத்தினான். ஒவ்வொரு வெடிப்பிலும் ஈரம் துளிர்த்தது.

"அண்ணா, இது மேலயா கொழந்தைய ஒக்கார வெச்சு ஓட்டுனீங்க? கிட்ட வந்தாலே கண்ணு எரியுது. ஒங்களுக்குத் தெரியலையா?"

சிவராஜ் நிர்மலாவை வண்டியிலிருந்து தள்ளி நிறுத்தினான். மேகலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாக இல்லை, கணக்குப் போடுகிறவளைப் போல.

ஹரீஷ் பழைய குழாயை நாலு விரல் நீளத்துக்கு வெட்டிக் கீழே போட்டான். புதுசை மாட்டி இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினான். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, குழாயில் செய்தித்தாளைச் சுற்றி வைத்துப் பார்த்தான். தாள் நனையவில்லை.

"நாத்தம் போவ ரெண்டு நாளாவும். கண்ணாடிய எறக்கி வெச்சே ஓட்டுங்க."

நிர்மலாவைப் பின்னால் ஏற்றிவிட்டு மேகலா முன்னால் உட்கார்ந்தாள். சிவராஜ் சாவியைத் தொட்டான்.

"கொஞ்சம் கண்ண மூடுங்க," என்றாள் மேகலா.

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

மூடினான். அவளுடைய குவிந்த கைகள் மூக்கருகே வந்ததை உணர்ந்தான். மூச்சை இழுத்தான். இந்த வண்டியில் முகர்ந்து பார்ப்பதற்கென்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"எலுமிச்சம்பழம்," என்றான்.

கண்ணைத் திறந்தான். அவள் உள்ளங்கையில் ஹரீஷ் வெட்டிப்போட்ட ரப்பர் துண்டு இருந்தது. அதன் வாய் இன்னும் ஈரமாக இருந்தது. பின் சீட்டில் நிர்மலா எலுமிச்சம்பழத்தைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கியிருந்தாள்.