வலது ஓரம்

எங்கள் குடும்பத்து ஆண்கள் இரண்டு முறை கல்யாணம் செய்துகொள்வார்கள். ஊர்த் தேவாலயத்தின் வடக்குப் பக்கம் எங்களுக்கென்று இருக்கும் கல்லறை அறையில் பார்த்தால் தெரியும். எங்கள் மூதாதை சர் ரால்ஃப் ஆஷ்கோம் பளிங்குச் சிலையாக மல்லாந்து கிடக்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு மனைவிகள். மூவருக்கும் மூக்கு இல்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் உடைத்தது. காலடியில் உள்ள நாயின் மூக்கை விட்டுவிட்டார்கள். பூ அலங்காரம் செய்யும் பெண்கள் வாக்குவம் கிளீனரை இரண்டாவது மனைவிமேல் சாய்த்துவைக்கிறார்கள்.

பின்னால் வந்தவர்களுக்குத் தரையில் வெறும் கல்தான். வரிசை மட்டும் மாறவில்லை. முதல் மனைவி இடது, கணவன் நடு, இரண்டாமவள் வலது.

என் மனைவி ரோவீனா இறந்து ஏழு வாரம். எனக்கு முப்பத்தொன்று. அவள் சாம்பலை இங்கே வைக்க மறைமாவட்டம் அனுமதி கொடுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை கல் செதுக்கும் பிக்கரிங் வந்து, புதுக் கல்லின் இடது பக்கத்தில் சாக்பீஸால் அவள் பெயரை எழுதிக் காட்டினார்.

"நடுவுல நீங்க, சார். அவசரமில்ல."

"வலது பக்கம்?"

அவர் என் அம்மாவைப் பார்த்தார்.

"அது சும்மா கிடக்கட்டும்டா ஹியூ," என்றாள் அம்மா. "இப்பவே யாரையாவது கட்டிக்கோன்னா சொல்றேன்?"

"வீடு வாடகைக்குன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கும்மா."

பிக்கரிங் இருமினார்.

"நானும் ரெண்டாவதா வந்தவதான். மூத்தவ செலியா செத்தப்போ உங்கப்பா அந்த இடத்தை அடைச்சிருந்தா நீ ஏதுடா?"

அப்பாவின் கல் இரண்டடி தள்ளி இருந்தது. அதன் வலது ஓரத்தில் இன்னும் எழுத்து இல்லை. அம்மா அதை மிதிக்காமல் நின்றிருந்தாள்.

"உனக்கு விட்டது சரிதாம்மா. இங்க வேண்டாம்."

"நாற்பது வயசுல மனசு மாறினா?"

"வர்றவ வேற கல்லு போட்டுக்கட்டும்."

பிக்கரிங்கிடம் சொன்னேன். "ரோவீனா பேரு இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் வரணும்."

"அப்போ நீங்க, சார்?"

"அடியில. சின்னதா."

"நானூறு வருஷமா உங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் அடியில போனதில்லையே."

"எல்லாரும் அடியிலதான் இருக்காங்க, பிக்கரிங்," என்றாள் அம்மா.

அவர் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். வலது ஓரத்தில் நாலு விரல் மிஞ்சியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னும் பெரிசா எழுதுங்க," என்றாள். "இதுல ஒரு ஒல்லிப் பொண்ணு வந்து படுத்துடுவா."