கட்டில் பழசு, ஆள் புதுசு

பழைய கட்டில் வாங்கினால் அதில் தூங்குகிறவரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கட்டிலை மட்டும் தனியாகத் தரமாட்டார்கள். தூங்குகிறவரை எழுப்பவும் கூடாது.

இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கடைக்குப் போகும் வழியில் ஞானவேல் இன்னொரு முறை சொன்னார்.

"யாராவது இருப்பாங்க. பயப்படாதீங்க செண்பகம்."

"பயப்படல."

"நல்லவங்களா பாத்து எடுப்போம்."

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. எனக்கு நாற்பத்து நான்கு வயது. முதல் கல்யாணம். அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி வசுந்தரா காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய படம் முத்தியால்பேட்டை வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மின்துறை அலுவலகத்துக்குக் கிளம்புமுன் ஞானவேல் அதைத் துடைப்பார். துடைக்கும்போது என்னைப் பார்க்கமாட்டார். அந்த நேரத்தில் நானும் சமையலறையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் கட்டில் இல்லை. பாயில்தான் படுத்தோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. புதுக் கட்டில் ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். புதுக் கட்டிலில் யாரும் இருக்கமாட்டார்கள், படுத்தால் குளிரும் என்றார். அதுவும் சரிதான். என்னோடு கண் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருத்தி புதுக் கட்டில் வாங்கிவிட்டுச் சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வருகிறாள்.

லூர்துநாதனின் கடை கடற்கரைக்குப் போகிற வீதியில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சைக்கிள் நிறுத்தும் அகலம்தான். உள்ளே போகப் போக நீளும். அவசரமாக வருகிறவர்களுக்கு அதிகமாக நீளும். கடைக்குள் ஒரு டவுன் பஸ் ஓடுகிறது. சனிக்கிழமைகளில் கிடையாது. நாங்கள் போனது சனிக்கிழமை.

லூர்துநாதன் காலுறை மட்டும் அணிந்திருந்தார். எப்போதும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். போனிலும் அப்படித்தான்.

"வாங்க சார். வாங்க மதாம். செருப்பக் கையில எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டோம்.

"பழசு வாங்கிப் பழக்கம் உண்டா?"

"இல்ல" என்றேன்.

"ஒண்ணும் கஷ்டமில்ல. நாற்காலின்னா கால் பாக்கணும். அலமாரின்னா முதுகு பாக்கணும். கட்டில்னா மூச்சு பாக்கணும்."

முதலில் ஒரு ஈட்டிமரக் கட்டிலைக் காட்டினார். கறுத்து மின்னியது. கோட்டு அணிந்த பருத்த மனிதர் ஒருவர் நெஞ்சின் மேல் குடையை வைத்துக்கொண்டு தூங்கினார்.

"இந்த முசே பிரெஞ்சுக்காரன் காலத்துல நோட்டரியா இருந்தவரு. பிரெஞ்சுலதான் குறட்டை விடுவாரு."

குனிந்து கேட்டோம். மூக்கிலிருந்துதான் வந்தது.

"எங்களுக்குப் பிரெஞ்சு வராதே" என்றார் ஞானவேல்.

"குறட்டைக்கு எதுக்கு சார் பதில் சொல்லணும்?"

ஞானவேல் யோசித்தார். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடுத்தது பர்மா தேக்கு. அதில் ஓர் ஆணும் பெண்ணும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் இறுக்கிக்கொண்டு தூங்கினார்கள். யாருடைய கை எது என்று தெரியவில்லை. ஞானவேல் கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நமக்கு எடம் பத்தாது" என்றார் கூரையிடம்.

மூன்றாவது கட்டில் முழுக்கச் செதுக்கல் வேலை. தலைமாட்டில் கிளி, திராட்சைக் கொத்து, நடுவில் ஒரு கிரீடம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். ஞானவேலுக்குக் கிளி பிடித்துவிட்டது.

எனக்கு ஏதோ உறுத்தியது. நாளெல்லாம் மற்றவர்கள் கண்ணைப் பார்க்கிற வேலை எனக்கு. தூங்குகிற கண்ணுக்குள் விழி அதுபாட்டுக்கு அலையும். இவருடைய விழி என் பேச்சு வந்த பக்கமெல்லாம் திரும்பியது. மண்டியிட்டுக் கட்டிலின் அடியில் பார்த்தேன். பழைய கட்டிலில் மரத்தோடு மரத்தைக் கோர்த்திருப்பார்கள். இதில் புத்தம்புது திருகாணிகள், எல்லாம் ஒரே பளபளப்பு. மரத்தை முகர்ந்தேன். பழசாகக் காட்டப் பூசிய டிக்காஷன் வாசனை அடித்தது.

"இவர் தூங்கல" என்றேன்.

"தூங்குறேன்" என்றார் அவர்.

லூர்துநாதனின் முகம் சிவந்துவிட்டது. "நேத்துதான் வந்துச்சு மதாம். என்னையே ஏமாத்திட்டாங்க."

"அப்போ நான் சாப்பிடப் போகலாங்களா?" என்று படுத்திருந்தவர் கேட்டார். எழுந்து போர்வையை மடித்து வைத்தார். கட்டிலுக்கடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு லூர்துநாதன் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார். எங்களை இன்னும் உள்ளே கூட்டிப் போனார். கடை நீண்டது. ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். ஊறுகாயை ஞானவேல் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். எதிரே ஓர் அலமாரி வெட்கப்பட்டுத் தன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கடைசிக் கூடத்தில் எப்போதும் சாயங்காலம் என்றார் லூர்துநாதன். உண்மைதான். சன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்ந்து விழுந்தது. அங்கே ஒரே ஒரு கட்டில் இருந்தது. பலா மரம். செதுக்கல் எதுவும் இல்லை. மேலே நீலக் கொசுவலை. உள்ளே ஒரு பெண் சுவர்ப்பக்கமாகத் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞானவேல் அதைத் தாண்டி வேகமாக நடந்தார். கூடம் அவருக்காக நீளவில்லை. சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றார்.

"இது வேணாம்" என்றார் சுவரிடம்.

நான் கொசுவலையை விலக்கினேன். காதோரத்தில் நரை தொடங்கியிருந்தது. கழுத்தில் அதே மச்சம். வீட்டுக் கூடத்துப் படத்தில் நான் தினமும் பார்க்கிற மச்சம்.

"இவங்க வசுந்தராதானே?"

"ஆமா."

"இந்தக் கட்டில நீங்க விக்கும்போது உள்ள இருந்தாங்களா?"

அவர் திரும்பினார். நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. "சத்தியமா இல்லங்க. காலியாதான் இருந்துச்சு. வெறுங்கட்டிலப் பாக்க முடியாமத்தான் குடுத்தேன்."

"சார் சொல்றது நெசம்தான்" என்றார் லூர்துநாதன். "காலியாதான் வந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில பாத்தா படுத்திருந்தாங்க. பலாவுல அப்படித்தான், லேட்டாதான் வருவாங்க. அவங்க அம்மா வீட்டுக் கட்டிலாம், நூறு வருசத்துக்கு மேல இருக்கும். கட்டில் பழசு, ஆள் புதுசு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து ஒரு கட்டில் கேட்டேன். யாரோ ஒரு நோட்டரி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நோட்டரியோடு என்னை யாரும் ஒப்பிடப்போவதில்லை.

"போலாங்க" என்றார் ஞானவேல். "அந்த ஈட்டிமரமே எடுத்துக்கலாம். பிரெஞ்சு கத்துக்கலாம்."

"சீக்கிரம் சொல்லிருங்க சார்" என்றார் லூர்துநாதன். "இத ஓட்டல்காரங்க கேட்டிருக்காங்க. வெயில் தாழ வண்டி வந்துரும். சத்தம் போடாத ஆளா வேணுமாம், ரூமுக்கு."

ஞானவேல் போலாம் என்று மறுபடியும் சொன்னார். ஆனால் கை கட்டில் காலைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்தக் கை அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

"படுத்துப் பாக்கலாமா?" என்று லூர்துநாதனிடம் கேட்டேன்.

"பாத்துட்டுத்தான் எடுக்கணும் மதாம். அவங்களும் ஒத்துக்கணுமில்ல?"

செருப்பை ஞானவேலிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். கட்டில் ஒருமுறை முனகியது. இதமாக இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும் சூடு. வசுந்தராவின் முதுகு மெதுவாக ஏறி இறங்கியது. சோப்பு வாசனையும் லேசாகக் காய்ச்சல் மருந்தின் வாசனையும் வந்தன. முறைப்படி எனக்கு அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவள்.

அவள் தூக்கத்தில் பேசினாள்.

"கேஸ் அணைச்சாச்சா?"

நான் ஞானவேலைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அணைச்சாச்சு" என்றேன்.

அவள் நீளமாக மூச்சுவிட்டாள். எத்தனை நாளாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாளோ. தோள்கள் தளர்ந்தன. இன்னும் ஆழமாகத் தூங்கிப்போனாள்.

படுத்தபடியே ஓட்டல் அறையை நினைத்துப் பார்த்தேன். யார் யாரோ பெட்டியோடு வருவார்கள். ஏசி போடுவார்கள். காலையில் போய்விடுவார்கள். கேஸ் அணைத்தாச்சா என்று இவள் கேட்பாள். இங்கே ஏது கேஸ் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றார் ஞானவேல்.

"இருக்கும். அதுக்காக இவங்கள ஓட்டலுக்கு அனுப்ப முடியுமா?"

அவர் என் செருப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். லூர்துநாதன் மறுபுறம் திரும்பிக்கொண்டு ஒரு பீரோவின் தூசியைத் துடைத்தார். திரும்பி வரும்போது கடை குறுகிவிட்டிருந்தது. கொஞ்ச தூரத்திலேயே வீதி வந்துவிட்டது.

குட்டியானை வண்டியில் ஏற்றினோம். ஞானவேல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வசுந்தராவின் முகத்தில் வெயில் படாமல் அவர் குடை பிடித்தார். சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"யாரு இவங்க?"

"என் சம்சாரம்" என்றார் ஞானவேல்.

"அப்போ இவங்க?"

"இவங்களும்."

போலீஸ்காரர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சாலையின் நடுவில் போய் நின்று, உதட்டில் விரல் வைத்து நாலு பக்கமும் காட்டினார். பஸ்கள் ஹாரன் அடிக்காமல் நின்றன. நாங்கள் போனோம்.

வீட்டு வாசல்படியில் கட்டில் இடித்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பிடித்தார்கள். "வசுந்தராவா?" என்று ஓர் அம்மா கேட்டார். "ஆமாங்க" என்றேன். "எளைச்சிட்டா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கட்டிலைச் சன்னலோரம் போட்டோம். புது விரிப்பு விரிக்க முடியவில்லை. ஒரு பாதிக்கு மட்டும் விரித்தேன்.

"கொஞ்ச நேரம் படுங்க" என்றேன்.

"எங்க?" என்றார்.

முதலில் நான் நடுவில் படுத்தேன். அவர் ஓரத்தில் ஒரு கை அகலத்தில் ஒருக்களித்துப் படுத்தார். ஒரு கால் தரையில் இருந்தது. விழுந்துவிடுவார் போலிருந்தது.

அப்போது வசுந்தரா நகர்ந்தாள். எழவில்லை, கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் விட்ட இடத்துக்கு நான் போனேன். நான் விட்ட இடத்துக்கு ஞானவேல் வந்தார். தரையில் இருந்த காலும் மேலே வந்தது.

சீக்கிரமே தூங்கிவிட்டார். அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பிறகு படுப்பார், எனக்கு முன் எழுவார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்திருந்தார். கை மரத்துப்போயிருக்கும்.

"அவருக்கு ரெண்டு தலகாணி வேணும்" என்றாள் வசுந்தரா.

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

"கேக்க மாட்டாரு."

மெல்ல எழுந்து, அவரைத் தாண்டி இறங்கினேன். அலமாரியில் தலையணை இல்லை. பரண்மேல் ஒரு பைக்குள் ஒன்று இருந்தது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தட்டி, கொஞ்ச நேரம் வெயில் காட்டினேன். உறை மாற்றினேன். கீழே வந்து அவர் தலையைத் தூக்கி அடியில் வைத்தேன். கையை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் விழிக்கவில்லை.

நான் இல்லாத நேரத்தில் அவர் உருண்டு நடுவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. வசுந்தரா இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பதுபோல் என் இடத்தில் கையை நீட்டி வைத்திருந்தாள். நான் ஏறிப் படுக்கிற வரைக்கும் அதை எடுக்கவில்லை.