நன்றி சொன்னால் பட்டுப்போகும் நாற்று

மார்ச் பிறந்துவிட்டால் கிராஸ்னயார்ஸ்க் நகரத்தில் மனிதர்கள் ஜன்னலோரம் நிற்க முடியாது. அந்த இடமெல்லாம் தக்காளிக்குச் சொந்தம். கேஷாவின் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி ரூஃபினா பால் பெட்டியிலும் தயிர்க் கப்பிலும் விதைத்த நாற்று ஜன்னல்களை நிறைத்து, புத்தக அலமாரியில் ஏறி, மே மாதத்தில் கேஷாவின் கட்டிலையே பிடித்துக்கொண்டது. அவர் சமையலறை மேஜைக்கடியில் கால் நீட்டித் தூங்கினார். புகார் இல்லை. வெயில் காலம் மொத்தமே தொண்ணூறு நாள். வீட்டிலேயே முழங்கால் உயரம் வளர்த்துத் தோட்டத்தில் நட்டால்தான் பழத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

மகளைப் பார்க்க ஓம்ஸ்க் போன ரூஃபினா ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "மத்தியானம் ஒரு மணி நேரம் பால்கனியில வை, குளிர் பழகட்டும். அப்புறம் உள்ள எடுத்துடு."

கேஷா வைத்தார். டிவியில் ஹாக்கி. ஆட்டம் முடிந்து நிமிர்ந்தால் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறுபது நாற்றும் வெந்த கீரையாகச் சாய்ந்து கிடந்தன. மறுநாள் காலை ரயிலில் ரூஃபினா வருகிறாள். இனி விதை போட்டால் காய்ப்பதற்குள் அடுத்த பனி வந்துவிடும். நாற்பது வருட மணவாழ்க்கை கேஷாவின் கண் முன்னால் ஒரு சுற்று ஓடியது.

கீழ்வீட்டுக் கபித்தலினாவிடம் ஓடினார். எழுபத்தெட்டு வயதான அவர் வீட்டில் குளியல் தொட்டியிலும் நாற்றுதான். குளிக்க மகன் வீட்டுக்குப் போய் வருவார்.

"அத்தனையும் போச்சா?"

"ஒண்ணு கூடத் தேறல, கபித்தலினா இவானவ்னா."

"ஹாக்கி பாத்தியாக்கும்."

"அதுலயும் தோத்துட்டோம்."

கபித்தலினா கப்புகள் அடுக்கிய ஒரு தட்டு நாற்றை எடுத்துக் கையில் கொடுத்தார். "இன்னும் மூணு தட்டு இருக்கு, கொண்டு போ. ஆனா வாயத் தொறந்துடாத. நாத்துக்கு நன்றி சொன்னா வேர் பிடிக்காது, தெரியுமில்ல."

தெரியும். ஆனால் கேஷா முப்பத்தொரு வருடம் டிராலி பஸ் கண்டக்டர்; டிக்கெட்டுக்கு ஒரு நன்றி. கையில் எதையாவது கொடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"ரொம்ப நன்றிங்க," என்றார்.

கபித்தலினா தட்டை வெடுக்கென்று பிடுங்கினார். "கெடுத்தியே. வளந்த புள்ளைங்கள நிக்க வச்சே சாகடிச்சிட்டியே."

"சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸ் வாங்க இது என்ன பஸ் டிக்கெட்டா?" கொஞ்சம் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. திருடின நாத்து கண்டிப்பா வேர் பிடிக்கும். நான் டீ போடப் போறேன். முதுகத் திருப்பினதும் திருடிக்கோ."

"நானா? டிக்கெட் இல்லாம ஏறினவன எல்லாம் இறக்கி விட்டவன் நான்."

"காலையில ரூஃபினாகிட்ட அதச் சொல்லு, போ."

கேஷா திருடினார். இரண்டாம் தடவை போகும்போது, இரண்டு கையிலும் தட்டு இருக்க, கதவு வந்து மூடிக்கொண்டது. திருட்டுக் கொடுத்தவரே வந்து, விட்டத்தைப் பார்த்தபடி, காலால் கதவைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஓரத்துல இருக்கிறதையும் திருடு. பாக்கக் குள்ளம், ஆனா கொத்துக் கொத்தாக் காய்க்கும்."

காலையில் வந்த ரூஃபினா கோட்டைக் கூடக் கழற்றாமல் நேரே ஜன்னலுக்குப் போய் ஓர் இலையைத் தொட்டாள்.

"இது என்னோடது இல்ல."

"உன்னோடது பனியில போச்சு," என்றார் கேஷா. "இது கீழ்வீட்டுல திருடினது."

ரூஃபினா பயணப் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். "நன்றி எதுவும் சொல்லித் தொலைக்கலியே?"

"திருடுறவன் எங்கயாவது நன்றி சொல்லுவானா?"

அவள் எழுந்து கப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். முகத்தில் இருந்த கடுகடுப்பு மெல்ல இளகியது.

"அறுபத்தி நாலு இருக்கு. நாலு ஜாஸ்தி."

"கை பழகிடுச்சு," என்றார் கேஷா.