மாமியார் வாங்கி வைத்த சிவப்பு

பதினெட்டு வருடப் பல் மருத்துவத் தொழிலில் நான் கலந்த ஒரே நிறம் பல் வெள்ளை. அதற்கு முன்னால் மலையும் கடலுமாக வரைந்து தள்ளியவள் நான். மிச்சமிருக்கும் ஒரே படம் என் கிளினிக்கின் கழிப்பறையில் தொங்குகிறது. தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து மாட்டியவர் என் கணவர் ஐவின். ரசனை உள்ளவர்.

இந்த ஜூலையில் அவரிடம் கறாராகச் சொன்னேன். அவர் அம்மாவின் கடலோரக் கேபினில் இருக்கப்போகும் ஒரு வாரமும் பெயிண்ட் பண்ண எனக்கு வேண்டும். இப்போதும் வரையாவிட்டால் இனி எப்போதும் வரையமாட்டேன் என்று பயமாக இருந்தது.

அவர் உடனே அம்மாவுக்குப் போன் போட்டார்.

“டூருனுக்கு இந்த லீவுல பெயிண்ட் பண்ணணுமாம்மா. ஒரு வாரமும் அதுதானாம்.”

எங்கள் மொழியில் படம் வரைவதற்கும் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும் ஒரே வார்த்தை. போய் இறங்கியபோது படகுக் கொட்டகை வாசலில் பத்து லிட்டர் சிவப்பு, ஒரு டப்பா வெள்ளை, ஓர் ஏணி. நடுவில் பூரித்த முகத்தோடு என் மாமியார் போர்கில்ட்.

“நானா கேக்கல பாரு. நீயாவே செய்யறேன்னுட்டே! இருபது வருஷத்துல இதான் முதல் தடவை.”

ஐவினைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் தப்பிக்க நினைத்தால் வானிலையை ஆராய்வார்கள்.

மறுத்திருக்கலாம். ஆனால் இந்தக் குடும்பத்தில் சண்டை போடும் வழக்கம் இல்லை. பத்து வருடம் முறைத்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை, கானாங்கெளுத்தி மீன் வந்துவிட்டது என்று பிள்ளைகள் உட்பட மொத்தக் கூட்டமும் படகேறியது.

“சாயங்காலத்துக்குள்ள முதல் கோட் முடிச்சிரு. சாப்பிட வாஃபிள் சுட்டு மூடி வெச்சிருக்கேன்,” என்றாள் போர்கில்ட்.

என் பழைய வண்ணப் பெட்டியைத் திறந்தேன். ட்யூப்கள் கல்லாகியிருந்தன. பல்லாக இருந்தாலாவது துளை போட்டிருப்பேன். உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாருமில்லாததால் நன்றாகவே அழுதேன். பிறகு சிவப்பைத் திறந்தேன், வெள்ளையைத் திறந்தேன். மூலையில் படகுக்குப் பூசும் தார் இருந்தது. எங்கள் ஊர் மழையை வரைய இதற்கு மேல் என்ன நிறம் வேண்டும்?

அந்தக் கொட்டகை கேபினுக்கு முன்னால் கடலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அது மறைத்ததை அதன் சுவரிலேயே இறக்கினேன். முதல் மலை கடைவாய்ப் பல்லாக வந்தது. தொழில் புத்தி. மேலே பூசி அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை மலையாகவே வந்தது. கை எதையும் மறக்கவில்லை. வாஃபிளைத்தான் மறந்துபோனேன்.

மாலையில் படகு திரும்பியது. ஐவின் சுவரைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது கோட் எப்ப?”

போர்கில்ட் மீன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குச் சுவரை நெருங்கினாள்.

“படத்துல கொட்டகையக் காணோமே.”

“காட்சிய மறைக்குது அத்தை. எடுத்துட்டேன்.”

“வீடு?”

“அதையும்.”

“நாங்கல்லாம் எங்க?”

வாய் முந்திக்கொண்டது. “மீன் பிடிக்கப் போயிருக்கீங்க. அதனாலதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு.”

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். பத்து வருட முறைப்பு ஆரம்பமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

போர்கில்ட் வாளியை எடுத்தாள்.

“ஐவின், தூண்டிலையெல்லாம் உள்ள வெக்காதே. நாளைக்கும் போறோம். இவளுக்கு இன்னும் மூணு சுவர் பாக்கி இருக்கு.”