மூன்றில் ஒரு பங்கு

ஆற்றின் மேல்பக்கம் தங்கச் சுரங்கம் வரலாமா என்று சான் எலிசேயோ ஊர் அன்று வாக்களித்துக்கொண்டிருந்தது. பட்டியலில் ஒன்பதாயிரம் பேர். மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூவாயிரம் பேர் வந்து போட்டால்தான் முடிவு செல்லும்; இல்லையென்றால் சுரங்கம் வந்துவிடும். ஆகவே சுரங்கம் வேண்டும் என்பவர்கள் அதை ஆதரித்து வாக்களிக்க வருவதே இல்லை, வீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். அப்புறம் சாவடிக்குக் கிளம்புகிறவன் எந்தப் பக்கம் என்பது சீட்டைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நூபியா கைசெதோ மூன்று வருடமாக ஆராய்வது இதைத்தான்.

மணி மூன்று. சாவடி நாலுக்கு மூடும். போனில் வந்த கணக்குப்படி அதுவரை வாக்களித்தவர்கள் 2,964.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஓட்டிய ஆர்செஸியோ சொன்னான்: "சுரங்கம் எனக்கும் வேண்டாம் புரொபசரம்மா. ஆனா உசிரு வேணுமே. நான் போடல."

பாலத்தில் முகமூடி போட்ட சுரங்கத்து ஆட்கள் ஐந்து பேர். மலையிலிருந்து இறங்கிய ஐம்பது பேரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"எங்கடா, ஓட்டுப் போடவா?"

"இல்லண்ணே, இவங்கள பஸ் ஏத்திவிட."

"காலைலேருந்து எல்லாப் பயலும் பஸ்ஸுக்குத்தான் போறீங்க!"

வெட்டுக்கத்தியின் முதுகு ஹாண்டில்பாரில் இருந்த வலது கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது. மறுபடியும் இறங்கியது.

"அவர் ஓட்டே போடல!" என்று கத்திய நூபியாவின் வாயில் துப்பாக்கிக் கட்டை இடித்தது. பல்லோடு ரத்தம் துப்பினாள். அந்த ஐம்பது பேரில் காப்பி மூட்டையோடு நின்ற பெலார்மினோ என்பவனும் சந்தைக்குத்தான் என்றான். அவன் மண்டையை உடைத்தார்கள்.

புழுதியில் கிடந்தபடியே அவளுக்குப் புரிந்தது. அடங்கி இருந்தால் அடி விழாது என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் பயம் ஆட்களை வீட்டில் வைக்கும். அந்த நம்பிக்கையை இந்த முட்டாள்களே உடைத்துவிட்டார்கள்.

ஆர்செஸியோ எழுந்தான். "போடலைன்னாலும் அடிக்கிறானுங்க. போட்டுட்டே வாங்கிக்கிறேன்."

நடந்தான். பெலார்மினோவும் தள்ளாடிக்கொண்டே கூட வந்தான். பின்னால் ஐம்பது பேரும். துப்பாக்கி வெடித்தது, பெலார்மினோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கூட்டம் நிற்கவில்லை. வெட்டுக்கத்திக்காரனை நாலு பேர் தூக்கி ஆற்றில் எறிந்தார்கள். பாறையில் அவன் தலை மோதிய சத்தம் மேலே கேட்டது. மற்ற நால்வரும் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்று ஐம்பதுக்குச் சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலில் ரத்தம் சொட்டும் வரிசை. பெலார்மினோவை வெளியே சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே காலி.

கதவு மூடியபோது கணக்கு 3,011. வாக்கெடுப்பு செல்லும்.

ஆர்செஸியோ இடது கையால் கோணலாகக் குறி போட்டிருந்தான். வாக்களித்ததற்கான சான்றிதழை மேஜையிலிருந்த பெண் நீட்டினாள். "அண்ணே, இதக் காட்டினா வேலையில அரை நாள் லீவு."

தொங்கிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தான்.

"அரை நாள் பத்தாதும்மா," என்றான்.