கெடாத சண்டை

குளிர்சாதன மெக்கானிக் தேர்வு எழுத வேண்டுமென்றால், வீட்டு பிரிட்ஜில் ஒரு சண்டையை இரண்டு வருஷம் கெடாமல் வைத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு பாஸ், பட்டறைப் பயிற்சி, அப்புறம் இது. எது குறைந்தாலும் ஹாலுக்குள் விட மாட்டார்கள்.

என் சண்டை என் வீட்டுக்காரர் பிரிட்டோவோடு போட்டது. அவர் படகுப் பட்டறையில் வெல்டருக்கு உதவியாள். நாத்தனார் கல்யாணப் பந்தியில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "கம்ப்ரசர் கழட்டுறது பொம்பள வேலையாட்டி?" என்று கேட்டார். நானும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும், சூடாக வைத்தால் பிரிட்ஜ் திணறும் என்று சண்டையைக் கொஞ்சம் ஆறவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் போட்டு முட்டைக்குக் கீழ்த் தட்டில் வைத்தேன்.

சமாதானம் பட்டால் சண்டை புளித்துவிடும். அதுதான் தொல்லை. மனுஷர் நல்லவர். அடிக்கடி பிரிட்ஜ் முன்னால் நின்று, "ஏட்டி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பிப்பார். ஓடிப்போய் வாயைப் பொத்துவேன்.

"பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது."

தலையாட்டிவிட்டுப் போவார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் நான் மசியவில்லை. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, எழுதியே தீர வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள் தூத்துக்குடி முழுக்கக் கரண்ட் இல்லை. மத்தியானம் டப்பாவிலிருந்து புளித்த மாவு வாடை லேசாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரிட்டோ துறைமுகத்துக்குப் போய் ஒரு பார் ஐஸை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். டப்பாவை ஐஸில் புதைத்தோம். வாடை போகவில்லை. அவர் டப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, "கம்ப்ரசர் கழட்டுறது பொம்பள வேலையாட்டி?" என்று மெதுவாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

சத்தமாகச் சொன்னார். வாடை நின்றது.

மறுநாள் தேர்வாளர் டப்பாவுக்குள் தெர்மாமீட்டரை விட்டார், பிறகு ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "காரம் குறையல. உள்ள போம்மா" என்றார். சண்டையை எடுத்துக்கொண்டு, டப்பாவைக் கழுவித் தந்தார். தேர்வை ஒரு கை பார்த்துவிட்டேன்.

வாசலில் பிரிட்டோ நின்றிருந்தார்.

"இப்பச் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"மன்னிச்சிருட்டி."

"எதுக்கு?"

"அந்தச் சண்டைக்குத்தான்."

"அதை உள்ள வாங்கி வச்சுக்கிட்டாங்களே."

அவர் யோசித்தார். பிறகு டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, மன்னிப்பை அதில் வைத்து அழுத்தி மூடினார். வெல்டர் தேர்வுக்கு, யாரும் ஏற்றுக்கொள்ளாத மன்னிப்பு ஒன்று இரண்டு வருஷம் இருக்க வேண்டும். அவருக்கு வெகுநாளாக அந்த ஆசை.

வீட்டுக்கு வந்து, முட்டைக்குக் கீழ்த் தட்டில் தக்காளியைத் தள்ளி இடம் விட்டேன். "பரவாயில்லங்க" என்று வாய்வரை வந்தது. அவர் ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.